பெர்ஃபார்மன்ஸ் காருக்கு ஹை-ஆக்டேன் பெட்ரோல்: கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது?

அமெரிக்காவில் மஸ்டா கம்பெனி சிஎக்ஸ்-9 என்று ஒரு பெரிய எஸ்யூவி விற்றது. 2.5 லிட்டர் டர்போ இன்ஜின், அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி வைத்தது. இதன் பவர் எவ்வளவு என்று கேட்டால் கம்பெனியே இரண்டு பதில் சொன்னது: அங்கே 87 என்று எழுதியிருக்கும் சாதா பெட்ரோல் போட்டால் 227 குதிரைசக்தி, 93 என்று எழுதியிருக்கும் பிரீமியம் போட்டால் 250. அதே கார், அதே இன்ஜின், ஒரு நட்டைக்கூடத் திருகவில்லை, பெட்ரோலை மாற்றியதற்கே 23 குதிரைசக்தி வித்தியாசம்.

அதே அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2016-ல், சாதா பெட்ரோலே போதும் என்று கம்பெனி சொன்ன கார்களில் பிரீமியத்தை ஊற்றிச் சோதித்தது. பவர் கூடவில்லை, மைலேஜ் கூடவில்லை, புகையும் குறையவில்லை. தேவையே இல்லாமல் பிரீமியம் போடுகிறவர்கள் ஓராண்டில் 210 கோடி டாலரை வீணாக்குகிறார்கள் என்று ஒரு கணக்கும் சொன்னார்கள். முதல் செய்தியை மட்டும் படித்தவர் எந்தக் காருக்கும் பவர் பெட்ரோல் போடச் சொல்வார், இரண்டாவதை மட்டும் படித்தவர் எல்லாமே வியாபார ஏமாற்று என்பார், இந்தச் சண்டை முடியவே முடியாது, ஏனென்றால் இரண்டு செய்தியும் உண்மை. உங்கள் கார் இதில் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதுதான் விஷயம். அதற்கு ஆக்டேன் எண் எதை அளக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

அது பெட்ரோலின் சக்தியை அளப்பதில்லை. எவ்வளவு அமுக்கத்தையும் சூட்டையும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் என்பதை அளக்கிறது, அவ்வளவுதான். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து வருகிறது, பிஸ்டன் மேலே ஏறி அதை நசுக்குகிறது, ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது. பொறி வைத்த இடத்திலிருந்து தீ சீராகப் பரவி, கடைசி ஓரம் வரை போய், பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். ஆனால் தீ பரவப் பரவ, இன்னும் எரியாமல் ஓரத்தில் மிச்சமிருக்கிற கலவை மேலும் நசுங்கிச் சூடாகிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அதனால் தாங்க முடியாது. தீ வந்து சேருவதற்கு முன்பே அந்த மிச்சம் முழுக்க ஒரே நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். அப்போது கிளம்பும் அழுத்த அலை சிலிண்டர் சுவர்களில் விநாடிக்கு ஆறாயிரம் ஏழாயிரம் முறை மோதித் திரும்புகிறது. வெளியே நமக்குக் கேட்கிற டிக் டிக் சத்தம் அதுதான். மெக்கானிக் நாக்கிங் என்று சொல்வது. லேசாக எப்போதாவது வந்தால் ஒன்றும் ஆகாது. முழு ஆக்ஸிலரேட்டரில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடையும், பிஸ்டன் தலை அரிக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டி வரும்.

இந்தத் தாங்கும் திறனுக்கு 1920-களில் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் ஒரு அளவுகோல் வைத்தார். ஐசோ-ஆக்டேன் என்ற திரவம் நன்றாகத் தாங்கும், அதற்கு 100. ஹெப்டேன் கொஞ்சமும் தாங்காது, அதற்கு 0. ஒரு பெட்ரோல் 95 என்றால், 95 பங்கு ஐசோ-ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த அளவு தாங்குமோ அந்த அளவு தாங்குகிறது என்று பொருள். இதைச் சோதிப்பதற்கென்றே ஒற்றை சிலிண்டர் இன்ஜின் ஒன்று இருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அமுக்க விகிதத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டிப் பார்த்தால் வருவது ஆர்ஓஎன், 900 சுற்றில் இன்னும் சூடான கலவையை வைத்துப் பார்த்தால் வருவது எம்ஓஎன். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெட்ரோல் பங்க்கில் எழுதியிருப்பது ஆர்ஓஎன். அமெரிக்காவில் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். அதனால் அவர்களுடைய 87 ஏறக்குறைய நம்முடைய 91, அவர்களுடைய 93 ஏறக்குறைய நம்முடைய 98. அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு 'அங்கேயே 93 தான் பிரீமியம், நமக்கு 95 சாதாவாகவே கிடைக்கிறது' என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆக, 100 ஆக்டேன் பெட்ரோலில் 91-ஐவிட அதிகச் சக்தி ஒளிந்திருக்கவில்லை. இன்ஜின் அந்தத் தாங்கும் திறனைப் பயன்படுத்தி எதையாவது மாற்றிக்கொண்டால்தான் பவர் வரும். இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் காரே இல்லை, விமானம். 1940-ல் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் 87 ஆக்டேனிலிருந்து 100 ஆக்டேனுக்கு மாறின. அதே ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின், ஏறத்தாழ 1,030 குதிரைசக்தியிலிருந்து 1,310-க்குப் போனது. பெட்ரோலை ஊற்றியதால் மட்டும் வந்ததில்லை அது. சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்றின் அழுத்தத்தை சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டிலிருந்து 12 பவுண்டுக்கு உயர்த்த அனுமதித்தார்கள். பழைய பெட்ரோலில் அப்படி உயர்த்தியிருந்தால் இன்ஜின் நாக் அடித்தே நொறுங்கியிருக்கும். புதிய பெட்ரோலை ஊற்றிவிட்டுப் பழைய 6 பவுண்டிலேயே ஓட்டியிருந்தால் ஒரு குதிரைசக்தியும் கூடியிருக்காது. பெட்ரோல் இடம் கொடுத்தது, இன்ஜின் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

அன்றைக்கு விமானி கையால் செய்ததை இன்றைக்கு உங்கள் காரில் ஈசியு என்ற கணினி செய்கிறது. இன்ஜின் பிளாக்கில் நாக் சென்சார் என்று ஒரு சின்னப் பொருளைப் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்த ஆறாயிரம் ஏழாயிரம் அதிர்வு வருகிறதா என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். வந்துவிட்டால் ஈசியு உடனே அந்த சிலிண்டருக்குப் பொறி வைக்கும் நேரத்தை, இன்ஜின் தண்டு சுழலும் கோணக் கணக்கில், இரண்டு மூன்று டிகிரி பின்னுக்குத் தள்ளும். நாக் நின்றதும் மெல்ல மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக, பழைய இடத்துக்குக் கொண்டுவரும். டர்போ காராக இருந்தால் காற்றின் அழுத்தத்தையும் குறைத்துவிடும். பொறி தாமதமானால் அமுக்கம் சரியான நேரத்தில் பிஸ்டனைத் தள்ளாது, இழுவை குறையும். வேலைக்கு ஆகாமல் மிஞ்சிய சூடு சைலன்சர் பக்கம் போய் டர்போவைச் சுடும். முழு லோடில் அதைக் குளிர்விக்க ஈசியு கூடுதலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும், மைலேஜும் அடிவாங்கும். ஆனால் டிரைவருக்கு எந்தச் சத்தமும் கேட்காது. டேஷ்போர்டில் விளக்கும் எரியாது. கார் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது அந்த இரண்டு செய்திக்கும் திரும்பலாம். சாதா பெட்ரோலுக்காகவே டியூன் செய்த காரில், பொறி வைக்கும் நேரத்துக்கு ஒரு உச்ச வரம்பு ஈசியுவுக்குள் எழுதியிருக்கும். சாதா பெட்ரோலிலேயே அந்த வரம்பைத் தொட்டு ஓடுகிற காருக்கு நீங்கள் 100 ஆக்டேன் ஊற்றினால், ஈசியு அதை எடுத்துக்கொள்ள வழியே இல்லை. ஏஏஏ 2016-ல் கண்டது இதைத்தான். மஸ்டாவில் அந்த வரம்பை 93-க்கு எழுதிவிட்டு, 87 ஊற்றினால் நாக் சென்சாரை நம்பிக் கீழே இறங்கிவரும்படி வைத்திருக்கிறார்கள். ஃபோர்டு மஸ்டாங்கின் நான்கு சிலிண்டர் டர்போ மாடலும் அப்படித்தான், 310 குதிரைசக்தி என்று விளம்பரம் செய்தது 93 ஆக்டேனில் எடுத்த கணக்கு, 87-ல் அது 275 சொச்சம். டாட்ஜ் டீமன் 2018 மாடல் இன்னும் வெளிப்படை, 91-ல் 808, 100-க்கு மேல் போனால் 840.

இந்தக் கார்கள் தவிர நடுவில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. பிரீமியம் 'பரிந்துரைக்கிறோம்' என்று சொல்வார்கள், 'கட்டாயம்' என்று சொல்லமாட்டார்கள். ஏஏஏ மறு வருடமே, 2017-ல், அப்படிப்பட்ட ஆறு வண்டிகளைச் சோதித்தது. சராசரியாகப் பவர் 1.4 சதவீதமும் மைலேஜ் 2.7 சதவீதமும் கூடியது. சராசரியை விடுங்கள், வண்டிக்கு வண்டி இருந்த வித்தியாசத்தைப் பாருங்கள்: மஸ்டாங் ஜிடியில் பவர் 3.2 சதவீதம் ஏறியது, ஜீப் ரெனிகேடில் ஒரு துளி இறங்கியது. காடிலாக் எஸ்கலேடில் மைலேஜ் 7 சதவீதம் கூடியது, ஆடி ஏ3-ல் 1 சதவீதம் குறைந்தது. 2019-ல் ஒரு அமெரிக்கக் கார் பத்திரிகை இன்னும் தெளிவாக ஒன்றைக் காட்டியது. இரட்டை டர்போ வைத்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்கில் 93-க்குப் பதிலாக 87 ஊற்றினால் சக்கரத்தில் கிடைத்த பவர் 380-லிருந்து 360-க்கு இறங்கியது, நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் போக 5.3 விநாடி எடுத்தது 5.9 ஆனது. டர்போ இல்லாத வி8 டாட்ஜ் சார்ஜரில் பிரீமியத்தால் வேகத்தில் பலன் ஒன்றும் தெரியவில்லை.

இது தற்செயல் இல்லை. டர்போ இல்லாத இன்ஜின் பொறி நேரத்தை மட்டும்தான் அசைக்க முடியும். டர்போ இன்ஜினுக்குப் பொறி நேரமும் இருக்கிறது, காற்றழுத்தமும் இருக்கிறது, இரண்டிலும் பெட்ரோல் கொடுக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். பெர்ஃபார்மன்ஸ் கார் என்று பின்னால் ஒட்டியிருக்கும் பேட்ஜைவிட, இன்ஜின் எப்படி மூச்சுவிடுகிறது, ஈசியுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே கணக்கு கொஞ்சம் வேறு, கடந்த சில வருடங்களில் அது தலைகீழாகவே மாறிவிட்டது. ஒரு காலத்தில் இந்தியாவில் சாதா பெட்ரோல் 88 ஆக்டேன். பின்னர் அது 91 ஆனது. அந்த நாட்களில் ஜெர்மனியிலோ ஜப்பானிலோ டியூன் செய்த ஒரு டர்போ காரை இங்கே வைத்திருந்தவர்களுக்கு உண்மையாகவே தலைவலி இருந்தது. ஜெர்மனியில் சாதா என்றாலே 95, ஜப்பானில் பிரீமியம் கிட்டத்தட்ட 100. அந்தக் காருக்கு 91 ஊற்றினால் ஈசியு எப்போதும் பின்வாங்கிக்கொண்டே இருக்கும். ஸ்பீடு, பவர், எக்ஸ்பி என்று ஏதாவது ஒரு பிரீமியத்தைத் தேடிப் போட்டவர்கள் செய்தது சரிதான்.

அப்புறம் எத்தனால் வந்தது. எத்தனாலின் ஆக்டேன் சுமார் 108. மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் கொடுத்த விளக்கத்தின்படி, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 சாதா பெட்ரோல் இப்போது 95 ஆக்டேனைத் தொடுகிறது. இ20-ஐப் பற்றிப் புகார் சொல்ல நிறைய இருக்கிறது, நானும் சொல்வேன், ஆனால் நாக்கிங் என்ற ஒரு விஷயத்தில் அது டர்போ காருக்கு நல்லதே செய்கிறது. எத்தனால் ஆவியாகும்போது சூட்டை நிறைய உறிஞ்சும், சிலிண்டருக்குள் போகும் காற்று குளிரும், அது ஆக்டேன் எண்ணுக்கு மேலேயும் கொஞ்சம் உதவி. மைலேஜ் குறையும், அதை மறுக்க முடியாது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, 20 சதவீதம் கலந்தால் கணக்கு ஆறு ஏழு சதவீதத்தில் வந்து நிற்கும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட இ20 திட்ட அறிக்கையிலும் பழைய கார்களுக்கு இதே 6-7 சதவீதம்தான் சொல்லியிருந்தார்கள்.

அப்படியானால் பங்கில் 'எக்ஸ்பி95 போடவா சார்' என்று கேட்கும்போது நீங்கள் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள்? சாதாவே 95 என்று ஆகிவிட்ட பிறகு ஆக்டேனுக்காக அதைப் போடுவதில் அர்த்தம் குறைந்துவிட்டது. அதிலும் எத்தனால் கலந்தே வருகிறது. மிச்சம் இருப்பது அதில் சேர்க்கும் டிடர்ஜென்ட், அதாவது இன்ஜெக்டரில் படியும் கரியைக் கழுவும் மருந்து. அது பொய் இல்லை, வேலை செய்யும். ஆனால் இன்றைய டர்போ பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை. இந்த வகை இன்ஜினில் கரி அதிகம் கட்டுவது அந்த வால்வில்தான், அங்கே எந்தப் பிரீமியம் பெட்ரோலும் போய்ச் சேராது. இன்ஜெக்டர் முனை சுத்தமாக இருக்கும், அதற்கு நாலைந்து டேங்குக்கு ஒருமுறை போட்டால் போதும் என்பது என் எண்ணம்.

100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100 கதை வேறு. இந்தியன் ஆயில் இதை 2020 டிசம்பர் 1 அன்று கொண்டுவந்தது. மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாராகிறது. முதல் பத்து ஊர்களில் சென்னை இல்லை, இரண்டாவது கட்டத்தில்தான் வந்தது. டெல்லியில் சாதா பெட்ரோல் 82 ரூபாய் சொச்சம் இருந்தபோது இது 160 ரூபாய். சாதா விலை ஏறிய பிறகும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலை. ஒரு 45 லிட்டர் டேங்கை நிரப்பினால் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போகிறது. எல்லா டேங்குக்கும் இதைப் போடுகிறவர் ஒரு வருடத்தில் செலவழிக்கும் கூடுதல் காசுக்கு நல்ல டயர் நான்கும் பிரேக் பேடும் வாங்கிவிடலாம், அந்தக் கார் அதில் இன்னும் வேகமாக வளைவைக் கடக்கும்.

எக்ஸ்பி100-ல் எத்தனால் கிடையாது. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல்தான் நிறையப் பேர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். 'எக்ஸ்பி100 போட்டேன், மைலேஜ் ஒரு கிலோமீட்டர் கூடியது, ஆக்டேன் வேலை செய்கிறது' என்பார்கள். மைலேஜ் கூடியது உண்மையாகத்தான் இருக்கும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் போகும் காரில் எத்தனாலை எடுத்துவிட்டால் 16 வரும், ஆக்டேன் இதில் ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. ஆறு சதவீத மைலேஜுக்கு ஐம்பது அறுபது சதவீதம் கூடுதல் விலை கொடுப்பது எந்தக் கணக்கிலும் லாபம் ஆகாது. பழைய காரை ஆசையாக வைத்திருக்கிறவர்கள், அதாவது எத்தனாலுக்கென்று ரப்பர் குழாயும் கேஸ்கட்டும் மாற்றாத, மாதத்தில் இரண்டு நாள் மட்டும் வெளியே எடுக்கிற கார் உள்ளவர்கள் எக்ஸ்பி100 போடுவது எனக்கு முழுக்க நியாயமாகப் படுகிறது. அவர்கள் வாங்குவது எத்தனால் இல்லாத பெட்ரோலை.

உங்கள் கார் இதில் எங்கே நிற்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்துவிடலாம். முதலில் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே ஒட்டியிருப்பதைப் படியுங்கள், கையேட்டையும் படியுங்கள். குறைந்தபட்சம் இவ்வளவு, பரிந்துரை இவ்வளவு என்று இரண்டு எண் இருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்களுக்குப் பலன் இருக்கிறது. பரிந்துரைக்கு மேலே போவதில் கம்பெனி டியூனிங்கில் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. 91-ம் 95-ம் எழுதியிருந்தால் இன்றைய சாதா பெட்ரோலிலேயே நீங்கள் மேல் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பிஎம்டபிள்யூ எம் வகை, போர்ஷே போன்ற கார்களில் 98 பரிந்துரை என்று இருக்கும், அவர்களுக்கு 100 பெட்ரோல் ஊற்ற ஒரு காரணம் நிஜமாகவே இருக்கிறது.

அடுத்து, காரின் ஓபிடி சாக்கெட்டில், அதாவது மெக்கானிக் கணினியைச் சொருகிப் பார்க்கும் துளையில், ஒரு சின்ன டாங்கிள் மாட்டி, அந்தந்தக் கம்பெனிக்கு ஏற்ற ஆப்பில் பார்த்தால், நாக் காரணமாக ஒவ்வொரு சிலிண்டரிலும் எத்தனை டிகிரி பின்வாங்கியிருக்கிறது என்று தெரியும். தட்டையான இசிஆர் ரோட்டில் காலையில் ஓட்டிப் பார்க்காதீர்கள், அங்கே எல்லாமே பூஜ்யமாகத்தான் இருக்கும். நாக் வருவதற்கு நம் ஊரில் ஏற்ற இடம் மலைப்பாதை. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர், லக்கேஜ், ஏசி ஓடுகிறது, வளைவு முடிந்து மூன்றாவது கியரிலேயே 1,600 சுற்றில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கிறீர்கள். டர்போ முழு அழுத்தம் தருகிறது, கார் மெதுவாகப் போவதால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்று போதவில்லை, உள்ளே போகும் காற்றின் சூடு ஏறுகிறது, பிஸ்டன் மெதுவாக நகர்வதால் அந்த ஓரத்துக் கலவைக்குத் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டிய நேரமும் கிடைக்கிறது. திரையில் மைனஸ் மூன்று, மைனஸ் நாலு என்று எண்கள் தொடர்ந்து நிற்பதைப் பார்த்தால், உங்கள் இன்ஜின் இன்னும் நல்ல பெட்ரோலைக் கேட்கிறது என்று அர்த்தம். எப்போதாவது ஒரு சிலிண்டரில் ஒரு டிகிரி வந்து மறைந்தால் அது சாதாரணம், ஈசியு வரம்பைத் தொட்டுப் பார்த்துத் திரும்புகிறது.

அந்த இடத்தில் ஒரு கியர் குறைத்து 2,500 சுற்றுக்கு மேல் கொண்டுபோனாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், அதற்குக் காசு செலவே இல்லை. சின்ன டர்போ இன்ஜினை மேல் கியரில் குறைந்த சுற்றில் வைத்து முழுக்க மிதிப்பது நாக்கிங்கைவிட மோசமான ஒன்றுக்கும் இடம் கொடுக்கும். பொறி வைப்பதற்கு முன்பே கலவை எரிந்துவிடும் கோளாறு அது, எல்எஸ்பிஐ என்பார்கள். சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் ஆயில் துளிக்கும் அதில் பங்கு உண்டு, ஆயிலில் கால்சியம் வகை டிடர்ஜென்ட் அதிகம் இருந்தால் வாய்ப்பு கூடும். ஒரே அடியில் பிஸ்டனை உடைத்துவிடக்கூடியது. இதற்கு 100 ஆக்டேன் முழு மருந்து கிடையாது. சரியான கிரேடு ஆயில், ஏபிஐ எஸ்என் பிளஸ் அல்லது அதற்குப் பிறகு வந்தது, போடுவது பெட்ரோலை மாற்றுவதைவிட முக்கியம்.

சோதிக்கிறவர்கள் ஒரு டேங்க் ஓடி முடிப்பதற்குள் தீர்ப்பு சொல்லிவிட வேண்டாம். அரை டேங்க் சாதா மிச்சம் இருக்கும்போது மேலே 100 ஊற்றினால் டேங்கில் இருப்பது ஏறக்குறைய 97, 98தான். ஈசியுவும் பின்வாங்கிய டிகிரியை ஒரே மூச்சில் திருப்பித் தராது. மத்தியான வெயிலில் சாதாவில் ஓட்டிவிட்டு, மறுநாள் அதிகாலைக் குளிரில் பிரீமியத்தில் ஓட்டி 'பிக்கப் பிச்சுக்கிட்டுப் போகுது' என்று சொல்வதும் கூடாது. அந்தக் குளிர்ந்த காற்றே டர்போ காருக்குப் பெரிய வித்தியாசம் கொடுத்துவிடும். சென்னை மே மாத டிராஃபிக்கில் நின்று நின்று போகும் காரில் உள்ளே போகும் காற்று ஐம்பது அறுபது டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். நல்ல பெட்ரோல் தன் வேலையைக் காட்டுவதும் அந்தச் சூட்டில்தான். மார்கழிக் காலையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் ஓடும்.

டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் கார், நாக் சென்சாரே இல்லாத பல பைக்குகள், இவற்றுக்கெல்லாம் பேச்சே வேண்டாம். கம்பெனி சொன்னதைப் போடுங்கள். கடையில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலை வாங்குவதற்கு முன் லேபிளைப் படியுங்கள், 'மூன்று பாயின்ட் கூடும்' என்று இருக்கும், பெரும்பாலும் ஒரு பாயின்ட் என்பது ஆக்டேன் எண்ணில் பத்தில் ஒரு பங்கு. 95 ஆக இருந்தது 95.3 ஆகும். மாங்கனீசு கலந்த வகையாக இருந்தால் பிளக்கில் செம்மண் நிறத்தில் படிந்துவிட்டுப் போகும், அது வேறு.

100 பெட்ரோல் முழு விலைக்கும் வேலை செய்வது இரண்டு இடத்தில். ஒன்று ரேஸ் டிராக். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ ஒரு நாள் ஓட்டும்போது, சுற்றுக்குச் சுற்று இன்ஜின் சூடேறிக்கொண்டே போகும், முழு லோடிலிருந்து இறங்கவே இறங்காது. முதல் சுற்றில் இருந்த இழுவை ஆறாவது சுற்றிலும் இருக்க வேண்டுமென்றால் அந்த ஒரு டேங்கை 100-ஆகப் போடுவது வீண்செலவு ஆகாது. கம்பெனி டியூனிங்கிலேயே இருக்கும் காருக்கும் இது பொருந்தும், ஏனென்றால் சாலையில் தொடாத வரம்பை அது இங்கே தொடும்.

இன்னொன்று ரீமேப் செய்த கார், அதாவது ஈசியுவுக்குள் எழுதியிருக்கும் கணக்கை (மேப்) மாற்றி எழுதிய கார். டியூனர் காற்றழுத்தத்தைக் கூட்டிப் பொறி நேரத்தை முன்னே இழுத்திருக்கிறார் என்றால், ஸ்பிட்ஃபயரில் செய்த அதே காரியத்தை உங்கள் காரில் செய்திருக்கிறார். இங்கே பெட்ரோல் ஆடம்பரம் இல்லை, அந்த மேப்பின் ஒரு பாகம். 100-க்கு எழுதிய மேப்பில் 95 ஊற்றி முழுக்க மிதித்தால் ஈசியுவின் பாதுகாப்பு எல்லைக்குள் எல்லாம் அடங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, சில டியூனர்கள் பவர் எண்ணுக்காக அந்த எல்லையையே தளர்த்தி வைத்திருப்பார்கள். அதனால் ரீமேப் செய்யப் போகிறவர்கள் 'எத்தனை குதிரைசக்தி கூடும்' என்பதற்கு முன்பு 'எந்தப் பெட்ரோலுக்கு எழுதுகிறீர்கள், இ20 ஊற்றினால் ஈசியு பின்வாங்கும் பதிவு எப்படி இருக்கும், காட்டுங்கள்' என்று கேட்க வேண்டும். பெரிய நகரங்களில் சில பங்குகளில் மட்டும் கிடைக்கும் பெட்ரோலுக்கு மேப் எழுதிக்கொண்டு, திருச்சி தாண்டி கொடைக்கானலுக்கு ஏறும்போது எங்கே போய் நிரப்புவது? தினமும் ஓட்டும் கார் என்றால் சாதா இ20-க்கு ஒரு மேப்பைக் கேட்டு வாங்குங்கள், டிராக்குக்குத் தனியாக இன்னொன்று. மாற்றி மாற்றி ஏற்றிக்கொள்ளும் வசதியைப் பல டியூனர்கள் இப்போது கொடுக்கிறார்கள்.